ஸ்டாக் வாங்கும் முன்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இன்னொரு கப்புக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம் குடியேறிவிட்ட தம்பி ஒருவர் தொலைதூரத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் இறங்கியிருக்கிறார். அங்கே அது சட்டப்படி நடக்கிற விளையாட்டு. அதற்கென மைதானங்கள் உண்டு, விதிப் புத்தகங்கள் உண்டு. கடையில் கிடைக்கும் ரைஃபிளை வாங்காமல், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டுகிறார். ஆக்‌ஷன் ஓரிடம், பேரல் இன்னோரிடம், டிரிகர் வேறோரிடம் என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்தவர், ஸ்டாக் விஷயத்தில் திகைத்துப்போய் நின்றுவிட்டார். “மரம், ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபர், அலுமினிய சேஸின்னு நாலு வகை சொல்றாங்க. இதுல எதுண்ணே நல்லது?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எந்தப் பொருளில் செய்தது என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எப்படிச் சுடப் போகிறீர்கள்? உங்கள் உடம்புக்கு அது பொருந்துகிறதா? உலோகம் அதில் நிம்மதியாக உட்கார்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நான்காவது கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் ஸ்டாக்கின் வேலை என்னவென்று பார்ப்போம். தோளில் முட்டுக்கொடுத்து, கன்னத்தைச் சாய்த்து, கையால் பிடிக்கிறோமே, அந்தக் கட்டைதான் ஸ்டாக். போல்ட் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புக் கூடு ஆக்‌ஷன். அதன் முன்பக்கம் பேரல் மரையிட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதன் தலையில் ஸ்கோப் உட்கார்ந்திருக்கும். ஆக, ஸ்கோப்பும் ஆக்‌ஷனும் பேரலும் சேர்ந்து ஒரே உலோக உடல். அந்த உலோக உடலையும் மனித உடலையும் இணைப்பது ஸ்டாக். உலோகத்தை வளைக்காமல், நெருக்காமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்திருக்க வேண்டும். மனிதனையும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் அதன் வேலை.

கேட்க எளிதாகத் தெரியும். தூரத்தைக் கணக்கில் எடுத்தால் அதன் கடுமை புரியும். ஆயிரம் கஜம் என்பது 914 மீட்டர். அமெரிக்காவில் எஃப்-கிளாஸ் போட்டியில் அந்தத் தூரத்துக்கு வைக்கும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள்ளே இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். ஒரு மீட்டர் நீளமுள்ள ரைஃபிளின் நுனி, பின்பக்கத்தை வைத்துப் பார்க்கும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால், குண்டு 914 மீட்டரில் 9 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். எக்ஸ் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு இருப்பதே ஆறரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். குண்டு பேரலை விட்டு வெளியேறிய பிறகுதான் துப்பாக்கி உதைக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குண்டு நகரத் தொடங்கும் அதே கணத்தில் துப்பாக்கியும் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. 9 கிராம் குண்டு, 6 கிலோ துப்பாக்கி, பேரலுக்குள் 60 சென்டிமீட்டர் ஓட்டம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், குண்டு வாயை விட்டு வெளியே வருவதற்குள் துப்பாக்கி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பின்னால் வந்திருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் பயணம் ஒவ்வொரு முறையும் ஒரே நேர்கோட்டில் நடக்க வேண்டும். தோள் ஒரு முறை இறுக்கமாகவும் மறுமுறை தளர்வாகவும் இருந்தால், கன்னம் ஒரு முறை அழுத்தியும் மறுமுறை தொட்டும் தொடாமலும் இருந்தால், கோடு மாறும். ஸ்டாக்கின் வடிவத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது இதனால்தான்.

பொருளின் கதையும் சுவையானது. வியட்நாம் போர்க் காலத்தில், 1966-ல், அமெரிக்க மரைன் படை எம்40 என்ற ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. ரெமிங்டன் 700 ஆக்‌ஷன், வால்நட் மரத்தில் ஸ்டாக். அங்கிருந்த ஈரக்காற்றில் மரம் உப்பியது, முறுக்கியது. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு திறக்க மறுக்கிறதே, அதே கதைதான். கதவு சிக்கினால் இழைப்புளி போட்டுவிடலாம். ஸ்டாக் உப்பி பேரலை ஒரு பக்கம் தள்ளத் தொடங்கினால், நேற்று சரிபார்த்து வைத்த குறி இன்று வேறிடத்தில் இருக்கும். 1970-களில் வந்த எம்40ஏ1 மாதிரியில் மரத்தைக் கைவிட்டு, மெக்மில்லன் கம்பெனியின் ஃபைபர் கிளாஸ் ஸ்டாக்குக்கு மாறினார்கள். 1988-ல் அமெரிக்கத் தரைப்படை ஏற்ற எம்24 ரைஃபிளில் ஹெச்-எஸ் பிரிசிஷன் ஸ்டாக் வந்தது. அதன் உள்ளேயே ஆக்‌ஷன் உட்காருவதற்கு ஓர் அலுமினியக் கட்டி பொதிந்திருந்தது.

சேஸியின் வேர் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் மால்கம் கூப்பர் 1984 லாஸ் ஏஞ்சலஸ், 1988 சியோல் இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் தங்கம் வென்றவர். அவர் போர்ட்ஸ்மத்தில் தொடங்கிய அக்யூரசி இன்டர்நேஷனல் கம்பெனி, அலுமினியச் சட்டத்தில் ஆக்‌ஷனைப் பொருத்தி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கவசம் பூட்டிய ரைஃபிளைச் செய்தது. 1980-களில் அது எல்96 என்ற பெயரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போனது. ஸ்டாக் என்பது உலோகத்துக்கு மேல் மாட்டும் உறை என்ற எண்ணத்தை மாற்றி, அதையே துப்பாக்கியின் முதுகெலும்பாக ஆக்கியது இந்த வடிவமைப்பு. இன்றைக்கு அமெரிக்காவில் விற்கிற சேஸிகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். எப்படிச் சுடப் போகிறீர்கள்?

எஃப்-கிளாஸ் என்றால் குப்புறப் படுத்து, முன்னால் தாங்கியும் பின்னால் மணல் பையும் வைத்து, நிதானமாகச் சுடுவது. கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் உருவாக்கிய பிரிவு இது. எஃப்-ஓப்பன் பிரிவில் ரைஃபிள் 10 கிலோ வரை இருக்கலாம், ஸ்டாக்கின் முன்பகுதி 76 மில்லிமீட்டர் வரை அகலமாக இருக்கலாம். எஃப்-டிஆர் பிரிவில், முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால் தாங்கியான பைபாடையும் சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் கூடாது. இந்தப் போட்டிக்கு ஸ்டாக்கின் அடிப்பகுதி முன்னும் பின்னும் பேரலுக்கு இணையாக, தண்டவாளம் போட்டதுபோல் இருக்க வேண்டும். பின்பக்க அடிக்கோடு சரிந்திருந்தால், உதைக்கும்போது ஸ்டாக் பையின் மேல் பின்னால் வழுக்கும், சரிவுக்கு ஏற்ப உயரமும் மாறும். ஒவ்வொரு முறையும் குறியை மறுபடி தேட வேண்டியிருக்கும்.

பிஆர்எஸ் என்பது 2012-ல் தொடங்கிய போட்டித் தொடர். அதில் படுத்தபடியே இருக்க முடியாது. மரச்சட்டத்தின் மேல், கூரை முகட்டின் மேல், டயரின் மேல் என்று இடம் மாறி மாறிச் சுட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெரும்பாலும் ஒன்றரை இரண்டு நிமிடம்தான். இங்கே துப்பாக்கியின் எடை நடுவில், மேகசினுக்குச் சற்று முன்னால், சமநிலைப்பட வேண்டும். முன்பகுதியின் அடியில் நீளமான ஆர்க்கா ரெயில் இருந்தால் பைபாடை நொடியில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். கனமான சேஸிகளுக்கு இங்கே மவுசு அதிகம். எடை கூடினால் உதைப்பு குறைகிறது, குண்டு இலக்கில் விழுவதைச் சுடுபவரே ஸ்கோப்பில் பார்க்க முடிகிறது.

மலையேறி வேட்டையாடுபவரின் கணக்கு நேர் எதிரானது. கார்பன் ஃபைபர் ஸ்டாக் ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கிடைக்கும். சேஸி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு எடை. நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் பாரம்தான். ஒரே ஸ்டாக்கில் இந்த மூன்று வேலையையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மூன்றுக்கும் ஓரளவு பொருந்துவது ஒன்றுக்கும் முழுதாகப் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி உடம்பு. இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம். அளவெடுக்கும் முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் சமரசமே வேண்டாம்.

டிரிகரிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரை உள்ள நீளம்தான் முதல் அளவு. தொழிற்சாலை ரைஃபிள்களில் இது பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். குட்டைக் கைக்காரர் அதில் கழுத்தை நீட்டி ஸ்கோப்பை எட்டிப் பிடிப்பார், நெட்டைக் கைக்காரர் சுருண்டு படுப்பார். பிடியைப் பிடித்துச் சுட்டுவிரலை டிரிகரில் வையுங்கள். விரலின் முதல் கணு டிரிகருக்குச் செங்குத்தாக வர வேண்டும், முழங்கை இயல்பாக மடங்கியிருக்க வேண்டும். விரலை நீட்டித் தேடுகிறீர்கள் என்றால் பிடி உங்களுக்குத் தூரம். குப்புறப் படுத்துச் சுடுபவர்களுக்குச் செங்குத்தான பிடி வசதி, மணிக்கட்டு முறுக்கேறாது.

அடுத்தது கன்னம். படுத்துத் தோளில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை ஸ்டாக்கின் மேல் முழுதாகச் சாயுங்கள். கழுத்துச் சதையைத் தளர விடுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் ஒளியோடு தெரிந்தால் உயரம் சரி. ஓரத்தில் பிறைபோல் இருட்டு விழுந்தால் கண் நடுவில் இல்லை. வட்டத்தின் கீழே நிழல் விழுந்து, தலையைத் தூக்கினால்தான் மறைகிறது என்றால் கன்னத் தாங்கி தாழ்வாக இருக்கிறது. 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள பெரிய ஸ்கோப்பை உயரமான வளையத்தில் மாட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தலையைத் தூக்கிப் பிடித்துச் சுடுகிறவரின் கழுத்து பத்தாவது தோட்டாவில் நடுங்கத் தொடங்கும். இருபதாவது தோட்டாவில் அவர் பேரலைக் குறை சொல்லத் தொடங்குவார்.

அதனால்தான் ஏற்றி இறக்கும் கன்னத் தாங்கிக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது என்கிறேன். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய உயரத்துக்குத் தாங்கியை ஏற்றிவிட்டு, போல்ட்டை முழுதாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல ஸ்டாக்குகளில் போல்ட்டின் பின்முனை தாங்கியில் வந்து முட்டும். சுத்தம் செய்ய போல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் தாங்கியை இறக்க வேண்டும், திரும்ப அதே உயரத்தில் வைக்க வேண்டும். போல்ட் செல்ல வழிவிட்டு முன்பக்கம் பள்ளம் வெட்டிய தாங்கியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது கேள்வி, உலோகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைப்பவை பெரும்பாலும் இரண்டே திருகுகள். அடித்தளம் மேடு பள்ளமாக இருந்தால் திருகை முறுக்க முறுக்க ஆக்‌ஷன் வளையும். உருட்டுக் கட்டைபோல் தெரிகிற இரும்பு எங்கே வளையப் போகிறது என்று தோன்றும். லேத் பட்டறையில் இருக்கும் டயல் கேஜ் சொல்லிவிடும். கேஜைப் பேரலில் பிடித்து, அதன் முள் ஸ்டாக்கின் முன் நுனியைத் தொடும்படி வைத்து, ஒரு திருகை மெல்லத் தளர்த்துங்கள். முள் அசையாமல் நின்றால் நல்ல இருக்கை. 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஓடினால், திருகு இவ்வளவு நேரமும் இரும்பை வளைத்துப் பிடித்திருந்தது என்று அர்த்தம்.

இதற்கான வைத்தியம்தான் பெடிங். இரண்டு திருகுகளும் போகும் துளைகளில் அலுமினியத் தூண்களைப் பதித்து, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் இரும்புத் தூள் கலந்த எபாக்சியை நிரப்பி, ஆக்‌ஷனை அதில் அமர்த்திக் காய விடுவார்கள். ஆக்‌ஷனின் வடிவம் அப்படியே எபாக்சியில் பதிந்துவிடும். பேரலும் ஆக்‌ஷனும் சேருமிடத்தில் கீழ்நோக்கி நீண்டிருக்கும் ரிகாயில் லக் என்ற தடித்த தகடுதான் உதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்துகிறது. அதன் பின்முகம் மட்டும் முழுதாகப் பதிய வேண்டும். முன்னாலும் பக்கத்திலும் அடியிலும் டேப் ஒட்டிச் சிறு இடைவெளி விடுவார்கள். உலோகத்தின் மேல் மெழுகு தடவி, துளைகளைக் களிமண்ணால் அடைத்துவிட்டுத்தான் எபாக்சி பக்கம் போக வேண்டும். மறந்தால் ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிடும். நல்ல பட்டறையில் கொடுத்துச் செய்வது பத்திரம்.

திருகை இறுக்கும்போது கை சொல்லும் கணக்கு போதாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். அலுமினியக் கட்டியோ சேஸியோ இருந்தால் 65 இஞ்ச்-பவுண்டு என்பது பரவலான அளவு. தூண் பதிக்காத மரத்துக்கு அவ்வளவு கொடுத்தால் மரம் நசுங்கும், 40-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்டாக் செய்த கம்பெனி எழுதிக்கொடுத்த அளவு இருந்தால் அதுவே முடிவு.

பேரலைச் சுற்றி எங்கும் ஸ்டாக் தொடக்கூடாது. ஒரு காகிதத் துண்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே செருகி, நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள், தடங்கலில்லாமல் ஓட வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். பைபாடை ஊன்றி, தோளால் முன்னே தள்ளி எடையைக் கொடுத்தபடி இன்னொருவரை விட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மலிவான அச்சு வார்ப்பு பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் மேசை மேல் தேர்வில் ஜெயித்து, எடை விழுந்ததும் வளைந்து பேரலைத் தொட்டுவிடும். கடையில் யாரும் செய்து காட்டாத சோதனை இது.

இப்போது பொருளுக்கு வருவோம். ஒற்றை வால்நட் மரம் அழகில் ராஜா. பெடிங்கும் தூணும் சேர்த்து, உள்பக்கமெல்லாம் ஈரம் புகாமல் பூச்சுக் கொடுத்தால் நன்றாகவே உழைக்கும், ஆனால் பராமரிப்பு கேட்கும். மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அழுத்திய லாமினேட் ஸ்டாக் முறுக்குவது குறைவு, விலையும் கட்டுப்படி, எடை மட்டும் கொஞ்சம் கூடுதல். போட்டிக்கு எடை சுமையில்லை என்பதால், தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபைபர் கிளாஸும் கார்பன் ஃபைபரும் ஈரத்துக்கு அசையாதவை. முன்னதில் எடை மிதம், பின்னதில் எடையும் குறைவு, விறைப்பும் அதிகம், விலையும் அதிகம். அலுமினிய சேஸியில் பெரும்பாலும் பெடிங் தேவைப்படாது. இரண்டு திருகைப் பூட்டினால் முடிந்தது, நீளம் உயரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பனிக்காலத்தில் உலோகத்தின் குளிர் கையில் தெரியும், அவ்வளவுதான் குறை.

ஆர்டர் கொடுக்கும் முன் பொருத்தங்களைச் சரிபாருங்கள். ரெமிங்டன் 700 வந்தது 1962-ல். அதன் அடிப்பகுதி அளவையே பின்பற்றி இன்று பல தனி ஆக்‌ஷன்கள் வருவதால், அந்த அளவுக்கு ஸ்டாக் கிடைப்பது எளிது. வேறு ஆக்‌ஷன் என்றால் தேர்வு சுருங்கும். பேரலின் தடிமன் வடிவத்துக்கேற்பத்தான் ஸ்டாக்கில் பள்ளம் வெட்டுவார்கள். போல்ட் கைப்பிடி வலதா இடதா, மேகசின் எந்த வகை என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கை வேலையாகச் செய்யும் கம்பெனிகள் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும். வந்த பிறகு பேரல் உள்ளே இறங்கவில்லை என்றால் காசும் காலமும் போகும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் நடைமுறை முற்றிலும் வேறு. ஆனால் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடையில் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் கன்னத் தாங்கி ஏறி இறங்குகிறது, பின்தட்டு நகர்கிறது. அங்கே பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பொட்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை ரைஃபிள் கிளப்பில் சேர்ந்திருந்தால், புது ரைஃபிளுக்குச் செலவழிக்கும் முன் இருக்கிற ரைஃபிளின் ஸ்டாக்கை அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அளவெடுத்துச் சரிசெய்து தரும்படி பயிற்சியாளரைக் கேளுங்கள். வளரும் பிள்ளை என்பதால் அந்த அளவை அவ்வப்போது மாற்றவும் வேண்டும்.

டெக்சாஸ் தம்பிக்கு நான் கொடுத்த தீர்ப்பு இதுதான். பட்ஜெட் இறுகினால் பொருளில் குறையுங்கள், பொருத்தத்தில் குறைக்காதீர்கள். ஏற்றி இறக்கும் கன்னத் தாங்கியும் சுத்தமான பெடிங்கும் உள்ள லாமினேட் ஸ்டாக், உடம்புக்கு ஒட்டாத விலையுயர்ந்த கார்பன் ஃபைபரை ஆயிரம் கஜத்தில் தோற்கடிக்கும். முடிந்தால் நண்பர்களின் துப்பாக்கிகளில் படுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் அளவுகளைத் தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஆர்டர் கொடுங்கள்.